பழைய கிளாரினெற் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முதல் இதைப் பாருங்கள்

மகள் பாடசாலை பாண்டில் சேர்ந்தாள். மாஸ்ரர் அவளைக் கிளாரினெற் பக்கம் பிரித்துவிட்டார். பாடசாலையில் இருந்தவை மூன்று, பிள்ளைகள் ஏழு பேர். "சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது" என்று அவர் சொன்ன அடுத்த கிழமையே நான் 38,000 ரூபாவைக் கொண்டுபோய் ஒரு வீட்டு விறாந்தையில் எண்ணிக் கொடுத்தேன். விற்றவர் வயதானவர். பெட்டியைத் திறந்து, "இது லண்டன் சாமான் தம்பி. இப்ப ஆர் இப்பிடிச் செய்யிறாங்கள்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அது உண்மையிலேயே லண்டனில் செய்ததுதான்.

வீட்டில் ஊதிப் பார்த்தோம். நல்ல சத்தம். அடுத்த நாள் பயிற்சியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஊதியதும் மாஸ்ரர் கையைக் காட்டி நிறுத்தினார். மகளை மட்டும் ஊதச் சொன்னார், பிறகு பக்கத்துப் பிள்ளையை. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய கால் சுரம் வித்தியாசம். மவுத்பீசுக்கு அடுத்து வரும் குட்டைத் துண்டைப் பெரல் என்பார்கள், அதை வெளியே இழுத்தும் சரிவரவில்லை. அந்தக் காலத்து உயர்ந்த சுருதிக்கென்றே குடைந்த குழல் அது. எந்தத் திருத்தமும் அதை மாற்றாது.

இரண்டாவதை வாங்க ஐந்து கிழமை எடுத்தேன். அந்த ஐந்து கிழமையில் பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாத, ஆனால் உடனே "வேண்டாம்" என்று சொல்ல வைக்கக்கூடிய பரிசோதனைகள் முதலில் வருகின்றன.

கையில் கொண்டு போக வேண்டியவை: அளவு நாடா, சுருதி காட்டும் செயலி உள்ள போன், சின்ன ரோச் லைற், பூதக்கண்ணாடி, முகத்துக்குப் போடும் பவுடர் கொஞ்சம், மெல்லிய பருத்தித் துணி. சொந்தமாக ஒரு மவுத்பீசும் (வாயில் வைத்து ஊதும் துண்டு) புதிய றீட்டும் (அதில் பூட்டும் மெல்லிய நாணல் தகடு) இருந்தால் மிக நல்லது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஊதத் தெரிந்த ஒருவர். மகளின் மாஸ்ரர் ஒரு சனிக்கிழமை என்னோடு வந்தார். பெற்றோல் காசும் மதியச் சாப்பாடும்தான் செலவு.

1. போக முதல் போனில் கேளுங்கள்

வட்ஸ்அப்பில் நாலு படம் கேளுங்கள்: மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் உள்ள பெயர்ப் பொறிப்பு, இரண்டு துண்டிலும் உள்ள இலக்கம், வலது சின்ன விரல் அழுத்தும் கீகள், பெட்டியின் உட்புறம். பெட்டிக்குள் கிடத்தி மேலாக எடுத்த ஒரே ஒரு படத்தை அனுப்பிவிட்டு "நேரில வந்து பாருங்கோ" என்பவரிடம் அவசரப்பட்டு ஓடாதீர்கள். நான் இப்படி சாவகச்சேரிக்கு ஒரு தடவையும் பருத்தித்துறைக்கு ஒரு தடவையும் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

யாழ்ப்பாணத்தில் பழைய கிளாரினெற் வரும் வழிகள் அதிகமில்லை. பழைய பாடசாலை பாண்டில் இருந்தவை, தேவாலய பாண்டிலும் கலியாண, செத்தவீட்டு பாண்டிலும் ஊதியவர்களின் சொந்தச் சாமான், லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் உறவினர் கொண்டு வந்தவை, கொழும்பில் இருந்து கைமாறி வந்தவை. எந்த வழியால் வந்தது என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுக் குறித்து வையுங்கள். பிறகு கடதாசி பார்க்கும்போது தேவைப்படும்.

2. முதலில் நீளம், அடுத்து சுருதி

மவுத்பீசைக் கழற்றி வைத்துவிட்டு, பெரலின் மேல் விளிம்பில் இருந்து கடைசித் துண்டின் வாய் வரை அளவுங்கள். கடைசித் துண்டு என்பது நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அதன் இடத்தில் இருப்பது. சாதாரண பி பிளாட் கிளாரினெற் என்றால் 59, 60 சென்ரிமீற்றர் அளவில் வரும். இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தால் சந்தேகப்படுங்கள், அது என்னிடம் வந்ததைப் போல உயர்ந்த சுருதிக் குழலாக இருக்கலாம். மூன்று, நாலு சென்ரிமீற்றர் கூடினால் அது ஏ கிளாரினெற். மேலைநாட்டு ஓர்க்கெஸ்ட்ராக்காரருக்கு அது வேண்டும், பாடசாலை பாண்டுக்கு உதவாது.

சில பழைய குழல்களில் ஆங்கிலத்தில் எச்.பி. அல்லது எல்.பி. என்று பொறித்திருக்கும். எச்.பி. என்றால் உயர்ந்த சுருதி, எல்.பி. என்றால் இன்றைய சுருதிக்குக் கிட்டவாக உள்ளது. பிரித்தானிய இராணுவ பாண்டுகள் 1920களின் கடைசி வரை அந்த உயர்ந்த சுருதியில்தான் ஊதின, அதனால் அவர்கள் போன இடமெல்லாம் இந்தக் குழல்களும் போயின. என்னுடையதில் எழுத்து எதுவும் இருக்கவில்லை. ஆகவே எழுத்தை நம்பி இருக்காமல் ஊதிப் பாருங்கள்.

ஊதும் முறை இது. ஐந்து நிமிடம் சும்மா ஊதிக் குழலைச் சூடாக்குங்கள். இடது பெருவிரலும் அடுத்த மூன்று விரலும் மூடி ஊதினால் வருவது கிளாரினெற் பாடத்தில் சி. ஆனால் செயலி பி பிளாட் காட்ட வேண்டும், அல்லது அதையே ஏ ஷார்ப் என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான், பயப்படாதீர்கள். ஏ என்று காட்டினால் ஏ கிளாரினெற். சி என்றே காட்டினால் சி கிளாரினெற்.

இப்போது முள்ளைப் பாருங்கள். ஒரு அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் சென்ற் என்பார்கள். நமது வெக்கைக்கு எந்தக் குழலும் 10, 15 சென்ற் கூடித்தான் நிற்கும். பெரலை ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் இழுத்தால் அது இறங்கிவிடும். 40, 50 சென்ற் கூட என்றால் பெட்டியை மூடிவிட்டு ரீயைக் குடித்துவிட்டு வாருங்கள். பழைய உயர்ந்த சுருதியில் ஏ என்பது 452 ஹேர்ட்ஸை ஒட்டியது, இன்று 440. அந்த இடைவெளி கிட்டத்தட்ட அரைச்சுரத்தின் பாதி. பெரலை அவ்வளவு தூரம் இழுத்தால் ஒரு சுரம் சரிவரும், மற்றச் சுரங்கள் ஒன்றுக்கொன்று பிசகும்.

ஒரு சின்ன விலக்கு. தனியே, இலத்திரனியல் சுருதிப்பெட்டியை வைத்துக் கர்நாடக இசை வாசிப்பவருக்கு உயர்ந்த சுருதிக் குழல் இடைஞ்சல் இல்லை, பெட்டியின் திருகைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். என் முதல் குழலை அப்படி வாசிக்கும் ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்லியே 20,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். 18,000 நட்டம்.

3. எந்த முறை என்று பாருங்கள்

வலது சின்ன விரலுக்கு நாலு கீகள் இருந்தால், விரல் துளைகளைச் சுற்றி மொத்தம் ஆறு வளையங்கள் இருந்தால், அது போஎம் முறை. பாடசாலையில் படிப்பிப்பது இதைத்தான். சின்ன விரலுக்கு இரண்டே கீகள், அவற்றில் உருளும் சின்னக் குண்டுகள் இருந்தால் அது அல்பேர்ட் முறை. விரல் போடும் விதமே வேறு. கமகத்துக்கு வசதி என்று இதை விரும்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பிள்ளைக்கு வேண்டாம். மாஸ்ரர் ஒன்றைச் சொல்ல, குழல் இன்னொன்றைச் சொல்லும்.

4. மரமா, எபனைற்றா, பிளாஸ்ரிக்கா

விற்பவர் எல்லாரும் "கருங்காலி" என்பார்கள். நல்ல கிளாரினெற் செய்வது ஆபிரிக்கக் கருமரத்தில். தன்சானியா, மொசாம்பிக் பக்கத்து மரம் அது, கருங்காலி இனமே இல்லை, நூக்க மர வகையைச் சேர்ந்தது. பெயரைப் பற்றிச் சண்டை பிடிக்க வேண்டாம். மரம்தானா என்பதை மட்டும் பாருங்கள். துண்டுகள் பொருந்தும் இடத்தில், குழிக்குள்ளே ரோச் அடித்தால் மரத்தின் நார் ஓட்டம் தெரியும். பிளாஸ்ரிக் எல்லாப் பக்கமும் ஒரே வழுவழுப்பு.

மாட்டிக்கொள்வது எபனைற்றில். கடினமாக்கிய றப்பர் அது, தூரத்தில் மரம் போலவே இருக்கும். வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் பச்சையும் மண்ணிறமும் கலந்து மங்கியிருந்தால், பெருவிரலால் ஒரு நிமிடம் தேய்த்து மணந்து பாருங்கள். கந்தக மணம் அடித்தால் எபனைற். அது மோசமான பொருள் இல்லை. வெடிக்காது, நமது காற்றுக்கும் பயமில்லை. மர விலை கொடுத்து அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான். சுடுதண்ணீரில் மட்டும் கழுவ வேண்டாம், நிறம் போய்விடும்.

பாண்டுக்குப் பிள்ளை தொடங்குகிறது, வெயிலிலும் மைதானத்திலும் ஊதப் போகிறது என்றால் நல்ல பிளாஸ்ரிக் குழலே என் தெரிவு. நான் மரம் வாங்கினேன், அது வேறு கதை. ஆசை.

5. பெயரை நம்பாமல் இலக்கத்தைப் படியுங்கள்

மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். வேறு வேறு என்றால் இரண்டு உடைந்த குழல்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அப்படியானதில் சுருதி ஓரிடத்தில் நிற்காது, இரண்டு துண்டையும் இணைக்கும் பாலக் கீயும் நேராக வந்து உட்காராது.

இரண்டாவது குழலைப் பார்க்கப் போன வீட்டில் மேல்துண்டின் கடைசி இலக்கம் 8, கீழ்த்துண்டில் 3. மாஸ்ரர் உதட்டைப் பிதுக்கினார். நான் பவுடரை விரலில் தொட்டு அந்த இடத்தில் தேய்த்து, துணியால் மேலாகத் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. ரோச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது, கீழே இருந்ததும் 8 தான். எத்தனையோ வருடம் வலது கைப் பெருவிரல் உரசி அதன் இடப்பக்கம் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்வைக் கண்ட பிறகுதான் எனக்குக் குழலில் ஒரு விருப்பம் வந்தது. ஒருவர் வருடக்கணக்கில் ஊதிய குழல் என்றால் ஊதக்கூடிய குழல்தானே. இருபது வருடம் அலுமாரிக்குள் "புதுசு போல" கிடந்ததற்குத்தான் நான் பயப்படுவேன்.

இனிப் பெயர்கள். இங்கே அதிகம் காணக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

பூசி அன்ட் ஹோக்ஸ்: 1930இல் இரண்டு கொம்பனிகள் சேர்ந்து உண்டானது. ஆகவே ஹோக்ஸ் அன்ட் சன் என்றோ பூசி அன்ட் கோ என்றோ தனியாகப் பொறித்திருந்தால் குழல் பெரும்பாலும் 1930க்கு முந்தியது. உடனே இரண்டாம் படிக்குப் போய்ச் சுருதியை இன்னொரு முறை பாருங்கள். றீஜன்ற், எட்ஜ்வெயார் மாணவர்களுக்கும் நடுத்தர வாசிப்புக்கும் ஆனவை. இம்பீரியல் 926, 1010 இரண்டும் மேல்தரம். 1010இன் உட்துளை மற்றவற்றை விட அகலம், 15.2 மில்லிமீற்றர் வரும். அதற்கென்று செய்த மவுத்பீஸ் இல்லாமல் வாங்கினால் சுருதியோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த மவுத்பீஸ் இங்கே கிடைக்காது.

இன்னொரு கண்ணி: லஃப்ளூர் என்ற பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பூசி அன்ட் ஹோக்ஸ் என்றும் இருக்கும். அது அவர்கள் செய்தது இல்லை, இறக்குமதி செய்து விற்றது. சின்ன எழுத்தைக் காட்டிப் பெரிய விலை கேட்பார்கள்.

பஃபே கிராம்போன்: பெயரைக் கேட்டதும் விலை ஏறும். பி12 பிளாஸ்ரிக், இ11 மரம், இரண்டுமே மாணவர் தரம். கொம்பனியின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டால் செய்த ஆண்டைப் பார்க்கலாம், காசில்லை, இரண்டு நிமிட வேலை. விற்பவர் முன்னாலேயே போனில் பாருங்கள்.

யமஹா: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய மாணவர் யமஹாவில் ஏமாறுவது குறைவு. உதிரிப்பாகமும் கிடைக்கும்.

பெயரே கேள்விப்படாததாக இருந்தால், கடைக்காரர் தன் பெயரைப் பொறித்து விற்ற குழலாக இருக்கலாம். தரம் நல்லதாகவும் இருக்கும், படுமோசமாகவும் இருக்கும். நாட்டின் பெயரைத் தேடுங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்கும் 1992க்கும் இடையில் செய்தது. கிழக்கு ஜேர்மனி என்ற கருத்தில் ஜி.டி.ஆர். என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். அம்புக்குறி ஒன்று பொறித்திருந்தால் பிரித்தானிய அரச, இராணுவச் சொத்தாக இருந்தது.

பூசி அன்ட் ஹோக்ஸின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளும் இசைக்கருவித் தொகுப்பும் லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இலக்கத்தையும் தெளிவான படங்களையும் வைத்து அங்கே எழுதிக் கேட்கலாம். அந்தப் பதிலுக்காக விற்பவரைக் காக்க வைக்க வேண்டாம். வரலாறு ஆறுதலாக வரட்டும், வெடிப்பை இன்றே பார்க்க வேண்டும்.

6. வெடிப்பு

மரக் குழல் என்றால் மட்டும். வெடிப்பு அநேகமாக மேல்துண்டில்தான் வரும், மேல் விளிம்பில் தொடங்கித் துளைகளை நோக்கி இறங்கும். கீகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். ரோச்சைச் சாய்த்துப் பிடித்து, குழலை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். மயிர்க்கோடு போல ஒன்று துளைக்குள் போய் இறங்குகிறதா? அதுதான். கறுப்புப் பசையை நிரப்பி மினுக்கியிருப்பார்கள், அந்த இடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கும்.

ஒழுங்காக ஊசி இறக்கி ஒட்டிய பழைய வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். துளைக்குள் ஓடும் திறந்த வெடிப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

துண்டுகளின் விளிம்பில் உள்ள உலோக வளையங்களை விரலால் திருகிப் பாருங்கள். கழன்று சுற்றினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் பார்க்கும் குழல்களில் இது சாதாரணம். அதே குழலை மாரியில் பார்த்தால் வளையம் இறுகி, துண்டுகள் கழற்ற முடியாமல் ஒட்டிக் கிடக்கும். ஆகவே எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பெட்டியில் தேங்காயெண்ணெய் மணம் வந்தால் உள்ளே துணியை விட்டு இழுத்துப் பாருங்கள். ஆராவது அன்பாக எண்ணெய் பூசியிருப்பார்கள். அது சிக்குப் பிடித்துத் துளைகளின் விளிம்பில் பிசினாக நிற்கும். துப்புரவாக்கலாம், ஆனால் கூலி கூடும்.

7. காற்று ஒழுகுகிறதா

முதலில் துணியால் துடையுங்கள், யாரோ ஊதிய குழல். மேல்துண்டைத் தனியே எடுத்து, பெருவிரல் துளையையும் மூன்று விரல் துளைகளையும் மூடி, கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, மேலால் காற்றை உறிஞ்சுங்கள். நாலைந்து விநாடி உள்ளே வெற்றிடம் நிற்க வேண்டும். வாயை எடுக்கும்போது "டொப்" என்று சத்தம் வந்தால் அருமை. கீழ்த்துண்டில் வலது கை மூன்று துளைகளையும் மூடி, சின்ன விரலால் ஆகக் கீழ் சுரத்துக்கான ஈ கீயை அழுத்திக்கொண்டு இதையே செய்யுங்கள்.

ஒழுகினால் எங்கே என்று பாருங்கள். இருட்டறையில் சின்ன லைற்றைக் குழலுக்குள் விட்டால், மூடாத மெத்தையின் ஓரத்தால் வெளிச்சம் கீற்றாக வரும். மெத்தை என்று நான் சொல்வது கீகளுக்கு அடியில் உள்ள வட்டமான பாட்களை. போஎம் குழலுக்கு மொத்தம் 17. மேலே உள்ள தோல் மஞ்சளாகிக் கிழிந்திருந்தாலோ பூச்சி அரித்திருந்தாலோ பயப்படாதீர்கள், பழைய குழலில் மெத்தை மாற்றத்தான் வேண்டும். அந்தக் காசை விலையில் இருந்து கழிக்கத் துணிந்தால் போதும்.

பயப்பட வேண்டியது கீகளுக்கு. மலிவான வார்ப்புக் கீ வளைந்தால் நிமிர்த்த முடியாது, முறியும். ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். நமது உப்புக்காற்று உருக்கு ஊசி ஸ்பிரிங்குகளைத் தின்றுவிடும், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இன்னும் மோசம். ஒன்று இரண்டு துரு என்றால் பரவாயில்லை. எல்லாமே துரு என்றால் கூலி ஏறும்.

இன்னொன்று, விற்பவர் வீட்டில் அவசரத்தில் நாமே உடைப்பது. துண்டுகளைப் பொருத்தும்போது மேல்துண்டின் வளையத்தை அழுத்திப் பாலக் கீயை உயர்த்திக்கொண்டு திருகுங்கள். நான் முதல் தடவை அதை வளைத்துவிட்டு, விலை பேசும் உரிமையையும் இழந்தேன்.

8. பெட்டியையும் ஆளையும் கேளுங்கள்

கிளாரினெற்றை விடப் பெட்டி அதிகம் பேசும். றீட் வைக்கும் சின்ன அறையைத் திறவுங்கள். வெல்வெற் துணி கழன்ற இடத்தில் விரலை விடுங்கள். மூடியின் உட்புறத்தில் கடை லேபல் இருக்கிறதா பாருங்கள். சிலோன் என்று அச்சடித்திருந்தால் அது 1972க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் கூட, நாட்டின் பெயர் மாறியது அந்த வருடம் மே மாதம். கடையின் தொலைபேசி இலக்கம் மூன்று நாலு எண்ணோடு நின்றால் அதுவும் பழைய காலம்தான். நான் வாங்கிய பெட்டியில், வெல்வெற்றுக்கு அடியில் நாலாக மடித்த கொழும்புக் கடை பில் ஒன்று கிடந்தது. 1971, றீட் ஆறு. விற்றவருக்கே தெரியாது. "அப்பா வேண்டியிருப்பார்" என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பில்லைப் படம் எடுத்துக்கொண்டு கடதாசியை அவரிடமே விட்டுவிட்டேன்.

ஆளிடம் மூன்று கேள்வி போதும். கடைசியாக ஊதியவர் ஆர்? கடைசியாக மெத்தை மாற்றியது எப்போது? எங்கே மாற்றினீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இருந்தால் அந்தத் திருத்துநரைத் தேடிப் பிடியுங்கள், குழலின் வருத்தமெல்லாம் அவருக்குத் தெரியும்.

9. கடதாசி

பழைய சாமானுக்கு வாங்கிய பில் அநேகமாக இராது. "95 இடப்பெயர்வோட போட்டுது" என்பார்கள். பெரும்பாலும் உண்மை, அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். இல்லாத பில்லைத் தேடுவதை விட்டுவிட்டு, இன்று ஒரு கடதாசி எழுதுங்கள். அதில் வர வேண்டியவை: திகதி, குழலின் பெயர், இரண்டு துண்டின் இலக்கங்கள், மரமா பிளாஸ்ரிக்கா, கொடுத்த தொகை, விற்பவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, "இது எனது சொந்தச் சொத்து" என்ற ஒரு வரி, வாங்குபவர் விற்பவர் இருவரதும் கையெழுத்து. இரண்டு பிரதி. பெறுமதி பெரிது என்றாலோ குடும்பத்தில் வேறு உரித்தாளர் இருந்தாலோ, சத்தியக் கடதாசியாக எழுதிச் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வையுங்கள்.

பாடசாலையின் பெயரோ சுருக்க எழுத்தோ தொகுதி எண்ணோ குழலிலோ பெட்டியிலோ இருந்தால் நில்லுங்கள். பாடசாலைச் சொத்தைக் கழித்து ஏலத்தில் விற்றதற்குப் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் "சேர் தந்தவர்" என்று சொன்னால் வாங்காதீர்கள். பிறகு உங்கள் பிள்ளை அதே பாடசாலை மேடையில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சங்கடமாகும். தேவாலய பாண்டுச் சாமான் என்றால் பங்குச் சபையின் கடிதம் ஒன்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டு வருவதாக இருந்தால், வாங்கிய பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். குழலைக் கைப்பையோடு கொண்டு வரட்டும். மரத்துக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று ஒருவர் என்னைப் பயப்படுத்தினார். 2017 ஜனவரியில் நூக்க மர இனம் முழுவதையும் சைற்ரிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது உண்மை. ஆனால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு. பிரேசில் நூக்கம் மட்டும் விலக்கில் இல்லை, கிளாரினெற் அதில் செய்வது அரிது.

காசு கொடுக்கும் முறை: நான் 5,000 முற்பணம் கொடுத்து, மூன்று நாள் தவணை கேட்டு, அதையும் கடதாசியில் எழுதினேன். குழல் மகளோடு பாண்டுப் பயிற்சிக்கு ஒரு நாள் போய்வந்த பிறகு மிச்சக் காசைக் கொடுத்தேன். தவணைக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்குவதில்லை என்று அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தேன்.

10. திருத்தம், செலவு, நாள்

யாழ்ப்பாணத்தில் ஆர்மோனியம் திருத்துவார்கள், மிருதங்கம் மூட்டுவார்கள், சீவாளி கட்டுவார்கள். கிளாரினெற் மெத்தை மாற்ற நான் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே இராணுவ, பொலிஸ் பாண்டுகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் வைத்து இந்த வேலை செய்கிறார்கள். போக முதல் போனில் விலை கேட்டு, வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். முதலில் கேட்ட ஒருவர் "கொண்டு வாங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லி, கழற்றிப் போட்ட பிறகு இரண்டு மடங்கு கேட்டார். கழற்றிய குழலோடு திரும்பி வர முடியாதே.

பஸ்ஸில் பார்சலாகப் போடாதீர்கள். சாமான் பெட்டிக்குள் இரவு முழுக்க வெக்கை, மரம் வெடிக்கும். மடியில் வைத்துக் கொண்டு போங்கள்.

என் கணக்கு இது. குழல் 45,000. 17 மெத்தையும் பொருத்துத் தக்கைகளும் நாலு ஸ்பிரிங்கும் கூலியோடு 27,500. புதிய மவுத்பீஸ் 12,000, ஏனென்றால் பழையதின் நுனி உடைந்திருந்தது. நுனி உடைந்த மவுத்பீசில் எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது. றீட் ஐந்து 6,500. இரண்டு தடவை கொழும்பு போய்வந்தது 7,000. மொத்தம் 98,000 ரூபா. புதிய யமஹா மாணவர் குழலுக்குக் கொழும்பில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். குழலுக்குக் கேட்ட விலையோடு நின்று கணக்குப் போட்டால் கணக்குப் பிழையாகிவிடும். நான் இப்போது ஆரும் கேட்டால், குழலின் விலைக்கு மேல் அதே அளவு காசு கையில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

நாள்: தேடியது மூன்று கிழமை, தவணை மூன்று நாள், திருத்தம் பன்னிரண்டு நாள். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முந்திய மாதத்தில் திருத்துநரிடம் போகாதீர்கள், எல்லா பாண்டும் அப்போதுதான் அங்கே நிற்கும்.

தொடங்கும் பிள்ளைக்கு ஒன்றரை அல்லது இரண்டாம் இலக்க றீட் வாங்குங்கள். மூன்றாம் இலக்கம் "நல்லது" என்று கடையில் தள்ளிவிடுவார்கள், பிள்ளைக்கு மூச்சு முட்டும். கன காலம் ஊதாமல் கிடந்த மரக் குழல் என்றால் முதல் இரண்டு கிழமை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஊத விடாதீர்கள், ஊதியதும் உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுங்கள். சோளகம் தொடங்கியதும் அந்த உலோக வளையங்களை மறுபடி திருகிப் பாருங்கள். கழன்றிருந்தால் ஊதுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே திருத்துநருக்குப் போன் எடுங்கள்.